குறைத்து எழுதிய வீடு

ஹோலிஸ் குரோவ் நகர சபை அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய மறுநாள், மிஸ்டர் டோலிவர் தன் வீட்டு முற்றத்தில் அடுப்பை ஏற்றிக் கெளுத்தி மீன் பொரித்து, தெருவில் போனவர் வந்தவர் எல்லோரையும் கூப்பிட்டுத் தட்டில் வைத்துக் கொடுத்தார். தபால் பட்டுவாடா செய்தே தலை நரைத்து ஓய்வு பெற்ற மனிதர். மூன்று வருடம் ஒரு சபைக் கூட்டம் விடாமல் போய், ஊர்க்காரர்களுக்கு என்று ஒதுக்கிய மூன்று நிமிஷத்தில் ஒரே பேச்சைப் பேசியவர். ஒரு கம்பெனி இந்த ஊரில் இருபது வீட்டுக்கு மேல் வாடகைக்கு வைத்திருக்கக் கூடாது. மிச்சத்தை விற்றாக வேண்டும். விற்கும்போது குடியிருப்பவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். இவ்வளவுதான் பேச்சு. கேட்டுக் கேட்டுச் சபை உறுப்பினர்களுக்கே மனப்பாடமாகிவிட்டது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஐந்துக்கு நான்கு ஓட்டில் ஒருவழியாகத் தேய்ந்தது.

அடுத்த வீட்டு வெர்நெட்டா ஸ்டாலிங்ஸ் மீன் தட்டைக் கையில் வாங்கினாளே தவிர வாயில் வைக்கவில்லை. அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பதினோரு வருடமாக அவள் குடியிருக்கும் வீடு, அப்படி இருபதுக்கு மேல் வீடு வைத்திருக்கும் ஒரு கம்பெனியுடையது.

“என்ன வெர்நெட்டா, மீன்ல முள்ளா?” என்றார் டோலிவர்.

“முள்ளு மீன்ல இல்ல மிஸ்டர் டோலிவர். விக்கிறேன்னு நாளைக்கே அவன் வந்து நின்னா, வாங்க எங்கிட்ட என்ன இருக்கு?”

“வாங்குவே. பேங்க்காரன் குடுப்பான். நீ ஒரு நாள் வாடகை தவறினதுண்டா?”

“தவறாம குடுத்துக் குடுத்துத்தான் கையில ஒண்ணுமில்லாம நிக்கிறேன்” என்றாள் வெர்நெட்டா. டோலிவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கம்பெனியை அவள் கண்ணால் பார்த்ததில்லை. குழாய் உடைந்தால் ஓர் எண்ணுக்குப் பேச வேண்டும். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண்குரல் சொல்லும். அழுத்தி அழுத்தி விரல் தேயும்போது லைன் அறுந்துவிடும். வாடகை மட்டும் ஜூன் மாதம் பிறந்தால் தவறாமல் ஏறும். ஒரு வருடம் சமையலறைத் தரை ஊறிப்போய், கால் வைத்தால் பொதபொதவென்று அமுங்கியது. எட்டு மாதம் சொல்லி வாய் வலித்த பிறகு, உங்கள் செலவில் மாற்றிக்கொள்ள எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று பெருந்தன்மையாக ஒரு கடிதம் வந்தது. அவளும் புருஷன் ஆர்லிஸும் தரை ஓடு வாங்கிவந்து, பள்ளிக்கூடத்துக்கு வசந்த விடுமுறை விட்ட ஒரு வாரம் முழுக்க முழங்காலில் நின்று தாங்களே பதித்தார்கள். ஒவ்வொரு ஓடாக வைத்துவிட்டு ஆர்லிஸ் கன்னத்தைத் தரையோடு ஒட்டி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பான். ஒரு மயிரிழை கோணினாலும் பெயர்த்து எடுத்துவிடுவான். ‘வாடகை வீட்டுக்கு இவ்வளவா?’ என்று அவள் கேட்டதற்கு, ‘நடக்கப்போறது நம்ம காலுதானே’ என்றான். நாலு வருடத்துக்கு முன் ஒரு காலையில் மாரடைப்பில் அவன் போய்விட்டான். தரை இருக்கிறது.

வெர்நெட்டா சிறுமியாக இருந்தபோது ஒன்பது வீடு மாறியவள். சட்டி பானையைக் கட்டு என்று அம்மா சொன்னால் ஏன் என்று கேட்காமல் கட்டத் தெரிந்த பிள்ளை. இந்த வீட்டில்தான் முதன்முதலாக அட்டைப்பெட்டிகளைத் தூக்கி எறிந்தாள். இனி ஒருமுறை கட்டச் சொன்னால் தன் கை ஓடாது என்று அவளுக்குத் தெரியும்.

செப்டம்பரில் கம்பெனியின் நோட்டீஸ் வந்தது. வீடு விற்பனைக்கு, வாங்கும் முதல் உரிமை உங்களுக்கு, தொண்ணூறு நாள் அவகாசம். விலையைக் கம்பெனியும் சொல்லக் கூடாது, அவளும் சொல்லக் கூடாது. நகர சபைப் பட்டியலிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து பார்த்து எழுதுவதுதான் விலை. வங்கிக்காரன் அவளுடைய சம்பளச் சீட்டையெல்லாம் புரட்டிவிட்டு, சேமிப்போடு சேர்த்து இரண்டு லட்சத்து இருபத்தொன்பதாயிரம் டாலர் வரைக்கும் போகலாம், அதற்கு மேல் ஒரு டாலர் கிடையாது என்று சொல்லிவிட்டான். அதற்குள் எழுதினால் வீடு அவளுக்கு. தாண்டினால் சந்தைக்குப் போகும், அவள் தெருவுக்குப் போவாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான். சபை கொடுத்த வரம் இப்போது முகம் தெரியாத ஒரு மதிப்பீட்டாளரின் பேனா முனையில் நின்றது.

வழியைக் காட்டியது ஜெராலின். ஆர்லிஸின் தங்கை, முடி அலங்காரக் கடை வைத்திருப்பவள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் அண்ணி வீட்டில்தான் சாப்பாடு. கீரையும் சோளரொட்டியும் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், மதிப்பீட்டாளர் வியாழக்கிழமை வருகிறார் என்று கேட்டதும் சுவரைப் பார்த்தாள்.

“அப்போ புதன்கிழமை படத்தையெல்லாம் கழட்டணுமே அண்ணி.”

அந்தத் தெருவில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டை மதிப்பிட ஆள் வருகிறான் என்றால், கறுப்பர் வீடு என்று தெரிந்து விலையைக் குறைத்து எழுதிவிடாமலிருக்க, கறுப்புக் குடும்பங்கள் செய்யும் முதல் வேலை குடும்பப் படங்களைக் கழற்றி அலமாரியில் பூட்டுவது. டோலிவர் வீட்டுக் கதை எல்லோருக்கும் தெரியும். கடனுக்காக வீட்டை மதிப்பிட்டபோது ஒரு தொகை வந்தது. அவர் விடவில்லை. இன்னொரு மதிப்பீட்டாளருக்குச் சொல்லிவிட்டு, தபால் ஆபீஸில் கூட வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரரை வீட்டுக்காரர் மாதிரி சோபாவில் உட்காரவைத்து, அவருடைய பெண்டாட்டி பிள்ளைகள் படத்தையே சுவரில் மாட்டி, தானும் மனைவி யூனிஸும் இரண்டு தெரு தள்ளிக் காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அதே சுவர், அதே கூரை. இந்தத் தடவை நாற்பதாயிரம் கூடுதலாக வந்தது. டோலிவர் இதைச் சர்ச்சில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். கேட்டவர்களும் சிரிப்பார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

“கழட்டினா வெலை ஏறும்டீ” என்றாள் வெர்நெட்டா. “எனக்கு ஏறவா வேணும்?”

ஜெராலின் மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். “அடி ஆத்தாடி! அப்போ கழட்டக் கூடாது. இன்னும் மாட்டணும்! நம்ம வம்சத்தையே மாட்டுவோம். உள்ள வந்தவுடனே அவனுக்குத் தலை சுத்தி அம்பதாயிரம் கொறைஞ்சிரணும்.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் புதன்கிழமை மாலை ஒரு பெட்டி நிறையப் படங்களோடு வந்து இறங்கிவிட்டாள். சர்ச் பாட்டுக் குழுவினர் நீல அங்கியில் நிற்கும் படம். ஆர்லிஸ் ராணுவ உடையில். குடும்பச் சந்திப்பில் எழுபத்திரண்டு பேரும் ஒரே மஞ்சள் பனியனில் நெருக்கியடித்து நிற்கும் படம். ஜெராலின் சுத்தியலால் அடிக்க, வெர்நெட்டா எடுத்துக் கொடுத்தாள்.

“இந்த ஏர்ல் மாமா படம் வேணாம்டீ. குடிச்சிருக்காரு அதுல.”

“அதுக்குத்தான் கொண்டுவந்தேன். அது ஒண்ணே பத்தாயிரம்.”

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்து, பின்னால் போய் நின்று சுவரைப் பார்த்தார்கள். தங்கள் மனிதர்களையே வீட்டின் விலையைக் குறைக்கும் கறை மாதிரி வரிசையாக மாட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஜெராலின் சுத்தியலைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, “வீடு கெடைக்கட்டும் அண்ணி. மத்ததை அப்புறம் ஆண்டவர்கிட்ட பேசிக்கலாம்” என்று போய்விட்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வெர்நெட்டா கதவைத் திறந்தாள். வாசலில் நின்றது ஒரு கறுப்புப் பெண்.

முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அளவு எடுக்கும் கருவி. “வணக்கம்மா. நான் ஏட்ரியன் விட்லோ. மதிப்பீட்டுக்கு வந்திருக்கேன்” என்றாள். வெர்நெட்டாவுக்கு ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது. இந்த வேலையில் நம்ம பெண் ஒருத்தி என்று. அடுத்த கணமே, சுவரில் மாட்டியதெல்லாம் இவளிடம் பலிக்காது என்று புரிந்தது.

ஏட்ரியன் உள்ளே வந்து அளந்தாள். கூடத்துச் சுவருக்கு முன்னால் நின்றாள். படங்களைப் பார்த்தாள். பிறகு குனிந்து தரையைப் பார்த்தாள். சுவரோரமாக ஆணி அடித்ததில் வெள்ளைத் தூள் உதிர்ந்து கிடந்தது. வெர்நெட்டா பெருக்க மறந்திருந்தாள்.

“நேத்து மாட்டினதா?”

வெர்நெட்டா காலால் அந்தத் தூளை ஒதுக்கினாள்.

“எனக்கு ஒன்பது வயசிருக்கும்போது எங்கப்பா படத்தை நானே கழட்டி அலமாரியில வச்சிருக்கேன்” என்றாள் ஏட்ரியன். குரலில் கோபமில்லை. “நான் போற வீட்டுலல்லாம் வெறும் ஆணியைத்தான் பார்ப்பேன். என் முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் படத்தை எடுத்துட்டு வந்து மாட்டுவாங்க. மாட்டி வச்சுக் காத்திருந்த வீடு இதுதான் முதல்.”

“நீ இந்தச் சட்டத்தைப் படிச்சிருப்பியேம்மா.”

“படிச்சிருக்கேன். வாங்கறது நீங்கதான்னும் தெரியும்.”

“அப்போ பேங்க் எனக்கு எவ்வளவு வரைக்கும்...”

“சொல்லாதீங்க.” ஏட்ரியன் கையை உயர்த்தினாள். “நம்பரைச் சொல்லிட்டா, சொன்னீங்கன்னு நான் அதையும் எழுதியாகணும். தயவுசெய்து சொல்லாதீங்கம்மா.”

வெர்நெட்டாவுக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள் குரல் உடைந்து பேசினாள். “கொறைச்சு எழுதினா எங்களுக்கு நஷ்டம்னு இருந்த காலமெல்லாம் கொறைச்சுக் கொறைச்சு எழுதினானுங்க. கொறைச்சு எழுதினா நல்லதுன்னு என் ஆயுசுல ஒரே ஒரு நாள் வந்துச்சு. அன்னைக்குன்னு பார்த்து நீ வந்து நிக்கிறியே!”

ஏட்ரியன் கையிலிருந்த அளவுக் கருவியைப் பார்த்தாள். “நம்மளைக் கொறைச்சு எழுதக் கூடாதுன்னுதான் நான் இந்த வேலைக்கே வந்தேன்” என்றாள். “என் கையால அதைச் செய்யச் சொல்றீங்க.”

பிறகு சமையலறைக்குப் போனாள். அங்கே நின்றவள் மெல்ல ஒற்றை முழங்காலில் உட்கார்ந்து, ஓடுகளுக்கு நடுவில் விரலை ஓட்டிப் பார்த்தாள். “எவ்வளவு நேர்த்தி! யாரும்மா பதிச்சது?”

சும்மா இருந்திருக்கலாம். யாரோ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும்.

“நானும் எங்க வீட்டுக்காரரும்” என்றாள் வெர்நெட்டா. சொல்லும்போது தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றாள். அதோடு விட்டாளா? பின்கட்டுக்குக் கூட்டிப்போய், தாங்களே கட்டிய வேலியையும் படிக்கட்டையும் காட்டினாள்.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. இரண்டு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம்.

கூடவே நான்கு பக்கம் இருந்தது. ‘சமையலறைத் தரை மிகச் சிறந்த கைவேலை. வேலியும் பின்படிகளும் உறுதியானவை. இந்தத் தெருவிலேயே மிக நன்றாகப் பராமரிக்கப்பட்ட வீடு.’ வெர்நெட்டா அந்த வரிகளை மூன்று தடவை படித்தாள். அவள் கைபட்டது நன்றாக இருக்கிறது என்று முத்திரை வைத்த ஒரு காகிதம் சொல்வது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. படிக்கும்போது பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அந்தக் காகிதம்தான் அவளை வெளியேற்றப் போகிறது என்பதும் தெரிந்துதான் இருந்தது. இருபத்து மூவாயிரம் டாலரை எங்கே போய்ப் புரட்டுவது?

சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. குடியிருப்பவர் ஒரே ஒருமுறை மறுமதிப்பீடு கேட்கலாம். இரண்டாவது ஆள் எழுதுவதே முடிவு. ஆனால் சும்மா கேட்க முடியாது. முதல் அறிக்கையில் என்ன தவறு என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

டோலிவரிடம் சொல்லாமல் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் வேலியோரம் போய் நின்றாள். அவர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள், சுவரில் படம் மாட்டியது உட்பட. அவர் குழாயை மூடினார்.

“படம் மாட்டினியா?” என்றார். “கொறைக்கறதுக்காகவா?”

“ஆமா.”

“யூனிஸ் எங்க படத்தைக் கழட்டினப்போ துணியில சுத்திச் சுத்தி வச்சா. அழுதா. நீ மாட்டிட்டு அழுதியா?”

“சிரிச்சோம். அப்புறம்தான் உறைச்சது.”

அவர் தலையை ஆட்டினார். வெர்நெட்டா தயங்கித் தயங்கிச் சொன்னாள். “இங்க கொறைச்சு வித்தா, நாளைக்கு உங்க வீட்டு வெலையையும் இதை வச்சுத்தான் போடுவாங்க. நீங்க அடுத்த வருஷம் வித்துட்டு மக கூடப் போறதா இருக்கீங்க. எனக்குத் தெரியாம இல்ல.”

“எனக்கும் தெரியாம இல்ல” என்றார் டோலிவர். குழாயை மறுபடி திறந்தார், மூடினார். “நான் மூணு வருஷம் கத்தினது குடியிருக்கிறவங்களுக்கு வீடு கெடைக்கணும்னு. என் வீட்டு வெலை ஏறணும்னு இல்ல. போய் எழுது.”

“கோவமில்லையே?”

“இருக்கு. உம்மேல இல்ல.” சற்று நேரம் கழித்து, “அந்தப் பொண்ணுமேலயும் இல்ல” என்றார். பிறகு யார்மேல் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மனுவை அவள் வீட்டில் வைத்து எழுதவில்லை. காலைச் சவாரி முடிந்து பஸ்ஸை டெப்போவில் நிறுத்தினால் மதியச் சவாரி வரை நாலு மணி நேரம் சும்மாதான். ஆளில்லாத பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங் மேல் காகிதத்தை விரித்தாள். ‘முதல் அறிக்கையில் உள்ள பிழைகளை விவரிக்கவும்’ என்று போட்டு, கீழே பன்னிரண்டு கோடுகள் இருந்தன.

ஏட்ரியன் அளந்ததில் பிழை இல்லை. எண்ணியதில் பிழை இல்லை. கூரை, சுவர், ஜன்னல் எதிலும் பிழை இல்லை. பொய் சொல்லாமல் எழுத அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை. பேனா மூடியைக் கடித்தபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி செய்த எதையும் மதிப்பீட்டாளர் புகழவில்லை. புகழ்ந்ததெல்லாம் அவளும் அவனும் செய்தது. குறைக்க வேண்டுமென்றால் அதைத்தான் குறைக்க வேண்டும்.

எழுதினாள். ‘சமையலறைத் தரை தொழில் தெரியாத குடித்தனக்காரர்கள் பதித்தது. வேலை கரடுமுரடானது. ஓட்டு வரிசைகள் நேராக இல்லை. முழுவதையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.’ இந்த இடத்தில் கை நின்றது. கன்னத்தைத் தரையில் ஒட்டி ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் ஆர்லிஸ் கண்முன் வந்தான். “மன்னிச்சிருய்யா” என்று வாய்விட்டே சொன்னாள். ‘வேலியும் பின்படிகளும் அவ்வாறே, அனுபவமற்ற கைகளால் செய்யப்பட்டவை’ என்று முடித்துக் கையெழுத்துப் போட்டாள். செத்தவனைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டு வந்தவள் போல இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, மதியச் சவாரிக்கு பஸ்ஸை எடுத்தாள்.

இரண்டாவது ஆள் நவம்பர் முதல் வாரம் வந்தார். வெள்ளைக்காரர், மரியாதையான மனிதர், தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தார். கூடத்துச் சுவரைப் பார்த்து, “பெரிய குடும்பம்” என்று புன்னகைத்தார். அவளுடைய மனுவின் நகல் அவர் கோப்பில் இருந்தது. சமையலறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார், காலை வைக்கவில்லை. இருபது நிமிஷத்தில் கிளம்பிவிட்டார்.

இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம்.

முதல் தொகைக்கும் இதற்கும் முப்பத்து நாலாயிரம் வித்தியாசம். அதில் மனுவுக்கு எவ்வளவு, சுவரில் தொங்கிய முகங்களுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஆண்டவரால்தான் முடியும். வெர்நெட்டாவின் மனத்தின் ஒரு மூலையில், இந்த மனிதரும் ஏட்ரியன் எழுதியதையே எழுதிவிடுவார் என்று ஒரு நப்பாசை இருந்தது. வீடு போனாலும் போகட்டும் என்று நினைத்த நப்பாசை. அது அவளுக்கே அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

டிசம்பர் பத்தாம் தேதி வக்கீல் அலுவலகத்தில் பத்திரம் முடிந்தது. நாற்பது இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வக்கீல் கை குலுக்கிச் சாவியைக் கொடுத்தார். அவள் பதினோரு வருடமாகக் கைப்பையில் வைத்திருக்கும் சாவிக்கு ஜோடிதான், ஆனாலும் கொடுத்தார். வீட்டு வாசலில் டோலிவர் காத்திருந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். “வெலை என்னாச்சு?” என்று கேட்டார். சொன்னாள். அவர் உதடு மட்டும் அந்த எண்ணை ஒருமுறை சொல்லிப் பார்த்தது. பிறகு அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “இனி உன்னை யாரும் கெளப்ப முடியாது” என்றார். நல்ல மனிதர். உள்ளே வந்து கேக் சாப்பிடக் கூப்பிட்டதற்கு மட்டும், இன்னொரு நாள் வருகிறேன் என்று போய்விட்டார்.

ஜெராலின் உள்ளே கேக்கை வெட்டி வைத்துவிட்டு மேஜைமேல் கிடந்த கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பத்திரம், வரிச்சீட்டு, கடைசியாக இரண்டாவது மதிப்பீட்டு அறிக்கை. இனி இந்த வீட்டுக்கு ஊர் அலுவலகத்தில் இருக்கப்போகும் காகிதம் அதுதான்.

“அண்ணி, இதைப் படிச்சியா?” ஜெராலின் குரல் ஏறியது. “‘சமையலறைத் தரை... வேலை கரடுமுரடானது. ஓட்டு வரிசைகள் நேராக இல்லை. அனுபவமற்ற கைகளால்’... எங்கண்ணன் கையா? எங்கண்ணன் போட்ட தரையா? ஒரு வாரம் முட்டி தேய நின்னு போட்டதை... எந்தக் கண்ணவிஞ்ச பய எழுதினான் இதை? உள்ள வந்து பார்த்தானா முதல்ல? வீடு கெடைச்சாச்சு இல்ல? நான் சும்மா விட மாட்டேன். எழுதிப் போடுவேன் அவன்மேல. அவன் பேர் என்ன?”

அந்த மனிதர் அவள் எழுதியதை வரி மாறாமல் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். வெர்நெட்டா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சொந்த வீட்டில் சொந்த நாற்காலியில். இத்தனை வருடம் இந்த நாளை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். அதில் ஒன்றிலும் அவள் தலை குனிந்திருக்கவில்லை.

“அவன் எழுதலடீ” என்றாள். “அது என் எழுத்து.”

ஜெராலின் அவளைப் பார்த்தாள், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள், பிறகு காலடியில் தரையைப் பார்த்தாள். அறிக்கையை மடித்து மேஜைமேல் வைத்தாள். கேக் தட்டை அண்ணி பக்கம் நகர்த்தினாள். இருவரும் அதைத் தொடவில்லை.